மகள் தொலைக்காட்சியில் வானிலை சொல்ல விரும்புகிறாள்: யாழ்ப்பாணத்தில் அதற்கு வழி உண்டா?

கேள்வி: கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். என் மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறாள். அமெரிக்க உள்ளூர்த் தொலைக்காட்சிகளில் வானிலை சொல்பவர்களைப் பார்த்துவிட்டு, தானும் யாழ்ப்பாணத்தில் அப்படி ஒருவராக வர வேண்டும் என்கிறாள். என்ன படிக்க வேண்டும்? இங்கே அப்படியொரு தொழில் இருக்கிறதா? பெண் பிள்ளைக்கு ஏற்றதா? ஊரில் மதிப்புக் கிடைக்குமா, வசைதான் மிஞ்சுமா?

பதில்:

உங்கள் மகளின் ஆசை நல்ல ஆசை. அதற்கு வேண்டிய பாடங்களையும் அவள் ஏற்கெனவே எடுத்திருக்கிறாள். ஆனாலும் உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். மற்றவை அதிலிருந்து விளங்கும்.

நான் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். பல ஆண்டுகளாக உள்ளூர்த் தொலைக்காட்சியொன்றில் வானிலைப் பகுதியைத் தயாரித்து வழங்கி வருகிறேன். என்னிடம் மழையைப் பற்றிக் கேட்பவர்களில் பெரும்பாலானோருக்கு என் வீடு தெரியும், என் பிள்ளைகளைத் தெரியும். சந்தையில் மரக்கறி வாங்கும்போது கேட்பார்கள், கோயில் வீதியில் கேட்பார்கள், செத்த வீட்டிலும் கேட்பார்கள். வெங்காயம் நடப் போகிறவர், வீட்டு ஓடு மாற்றுகிறவர், மகளின் கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர், தைப்பொங்கலுக்கு ஊருக்கு வர ரொறன்ரோவில் டிக்கெட் எடுக்கப் போகிறவர் என்று எல்லோரும் "மழை வருமா?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் ஒவ்வொருவர் மனத்திலும் இருப்பது ஒவ்வொரு காரியம். அந்தக் காரியத்தை அறிந்து பதில் சொல்லத் தெரிந்தவரே உள்ளூர் வானிலையாளர். கணிதமும் பௌதிகவியலும் வானத்தைக் கற்பிக்கும். ஊரை ஊரோடு பழகித்தான் கற்க வேண்டும். மதிப்பு அங்கிருந்துதான் வருகிறது. வசையும் வரும், ஆனால் பழகிய மனிதரின் வசையில் கோபம் அதிக நாள் நிற்பதில்லை.

இனிப் படிப்பு. அமெரிக்காவில் இதற்கெனத் தனித் தகுதி முறை உண்டு, ஆனால் அது கட்டாயமன்று. அமெரிக்க வானிலையியற் சங்கம் 2005 முதல் ஒளிபரப்பு வானிலையாளர்களுக்கெனத் தனிச் சான்றிதழ் வழங்குகிறது. வானிலையியலில் பட்டம், எழுத்துப் பரீட்சை, திரையில் வழங்கிய நிகழ்ச்சிகளின் மதிப்பீடு ஆகிய மூன்றையும் கடந்தே அதைப் பெற முடியும். இங்கே நிலைமை வேறு. கொழும்பில் உள்ள வளிமண்டலவியல் திணைக்களமே நாட்டின் எதிர்வுகூறல்களையும் எச்சரிக்கைகளையும் வெளியிடுகிறது. அதில் வானிலையாளராகச் சேர விஞ்ஞானப் பட்டம் வேண்டும், பௌதிகவியலும் கணிதமும் அதன் அடித்தளம். உலக வளிமண்டலவியல் அமைப்பும் வானிலையாளர் என்ற தரத்துக்குப் பட்டப்படிப்பு மட்டத்திலான பயிற்சியையே எதிர்பார்க்கிறது. வானிலையியலையே முதன்மைப் பாடமாகப் படிக்க விரும்பினால் கொச்சி விஞ்ஞான தொழினுட்பப் பல்கலைக்கழகமும் விசாகப்பட்டினத்து ஆந்திரப் பல்கலைக்கழகமும் நீண்ட காலமாக அதைக் கற்பித்து வருகின்றன. கலைப் பிரிவு மாணவர்களுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் புவியியற்றுறை இருக்கிறது. காலநிலையியல் அங்கே வலுவான பாடம்.

ஆனால் உள்ளூர்த் தொலைக்காட்சியில் வானிலைக்கென்றே முழுநேரச் சம்பளம் என்பதை எதிர்பார்த்து அவளை அனுப்பாதீர்கள். எங்கள் நிறுவனங்கள் சிறியவை. செய்தி வாசிப்பவரே சில நாள்களில் கமராவும் பிடிப்பார். திணைக்களத்திலோ பல்கலைக்கழகத்திலோ பாடசாலையிலோ ஒரு நிலையான வேலை, அதனோடு திரை என்பதே இங்கு நடைமுறையில் சரிவரும் ஏற்பாடு. யாழ்ப்பாணத்தில் இன்று அதிகம் படிக்கப்படும் வானிலைக் குறிப்புகளை எழுதுகிற கலாநிதி நாகமுத்து பிரதீபராஜாவும் பல்கலைக்கழகப் புவியியற்றுறை ஆசிரியரே. அவருடைய குறிப்புகளை மக்கள் தேடிப் படிப்பதற்குக் காரணம் தமிழில் இருப்பது மட்டுமன்று. எங்கள் குளங்களையும் கரைகளையும் பேர் சொல்லி எழுதுவதும்தான்.

அந்தத் தேவை நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்ட ஊர் இது. பிறகு செய்மதித் தொலைக்காட்சி வந்தது, சென்னையின் குரல்கள் வீட்டுக்குள் வந்தன. சென்னை வானிலை ஆய்வு மையத்தின் எஸ். ஆர். ரமணன் 2016இல் ஓய்வுபெறும் வரை, கார்த்திகை மாதத்தில் அவர் திரையில் தோன்றினால் எங்கள் பிள்ளைகளும் பாடசாலை விடுமுறையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். நல்ல அறிவிப்பாளர், நிதானமானவர். ஆனால் அவருக்கு முன்னால் இருந்த வரைபடத்தின் மையம் சென்னை. தென்மேற்கு வங்கக் கடலில் உருவாகும் தாழமுக்கங்கள் பல, தமிழ்நாட்டை நோக்கிப் போகும் வழியில் எங்கள் கரையை ஒட்டியே நகர்கின்றன. சென்னையில் "நெருங்கி வருகிறது" என்று சொல்லப்படும் நேரத்தில் இங்கே முற்றத்தில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும்.

இதை மூன்று நிகழ்வுகளைக் கொண்டு உங்கள் மகளுக்கு விளக்குங்கள், ஏனென்றால் தொழிலின் கடினமான பகுதி இதில்தான் இருக்கிறது. 2008 நவம்பரில் நிஷா. அது 26ஆம் திகதி சூறாவளியாக வலுப்பெற்று, மறுநாள் காரைக்காலுக்கு அருகே கரை கடந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1918க்குப் பின் காணாத மழையை அது கொட்டியது. 2024 நவம்பரில் ஃபெங்கல். இந்திய வானிலைத் துறை அதைச் சூறாவளி என்று அறிவித்துப் பேர் வைத்தது 29ஆம் திகதி. எங்கள் வடக்கும் கிழக்கும் அதற்கு முன்பே, 25, 26, 27ஆம் திகதிகளில் நனைந்து மூழ்கிவிட்டன. உயர்தரப் பரீட்சையைக்கூட இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. பேர் வைக்கப்பட்டால்தான் ஆபத்து என்று மக்கள் நினைக்கிறார்கள். வெள்ளம் பேருக்காகக் காத்திருப்பதில்லை. காற்று வலுவில்லாத ஒரு தாழமுக்கம் மெதுவாக நகர்ந்தால், வேகமாகக் கடந்து போகும் சூறாவளியைவிட அதிக மழையைத் தரக்கூடும். 2020 டிசெம்பரில் புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறி மன்னார் வளைகுடாவுக்குள் போன பிறகு, "போய்விட்டது" என்று பலர் ஆறுதலடைந்தார்கள். அது அங்கேயே தங்கிவிட்டது, மழை தொடர்ந்தது, நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. "புயல் எங்கே நிற்கிறது" என்பதைவிட "எங்கள் தலைக்கு மேல் எத்தனை மணி நேரம் மழை நிற்கும்" என்பதை விளக்கத் தெரிந்தவர்தான் இந்த ஊருக்குத் தேவை.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் திணைக்களத்தின் அவதான நிலையம் இருக்கிறது. 24 மணி நேர மழைவீழ்ச்சி காலை 8.30க்கு வாசிக்கப்படும். என்னுடைய நாள் அந்த எண்ணோடுதான் தொடங்கும். பிறகு செய்மதிப் படங்கள். மழை நெருங்கும்போது காரைக்காலில் உள்ள இந்தியாவின் டொப்ளர் ராடர் மிகவும் உதவும். அது எங்களிடமிருந்து ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தொலைவில், கடலுக்கு அப்பால் இருக்கிறது. குடாநாட்டின் மேலுள்ள மழைமேகம் அதில் தெரியும். அதற்கு மேல், வரப்போகும் வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி மாதிரிகள். ஐரோப்பிய வானிலை எதிர்வுகூறல் மையத்தின் மாதிரி உலகத்தைச் சுமார் 9 கிலோமீற்றர் அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. அந்தக் கட்டத்துக்குள் மானிப்பாயும் கொக்குவிலும் ஒன்றாகவே அடங்கிவிடும். மாலை இடிமழை ஒரு வீதியில் பெய்து அடுத்த வீதியை விட்டுவிடும் ஊரில், கைத்தொலைபேசிச் செயலியில் தெரியும் மழைக்குறியை அப்படியே நம்பி நெல்லைக் காயப்போடக் கூடாது என்று நான் ஒவ்வொரு பருவத்திலும் சொல்லி வருகிறேன்.

எச்சரிக்கை விடுவது உள்ளூர் வானிலையாளரின் அதிகாரம் அன்று. இதில் நான் மிகக் கண்டிப்பானவன். எச்சரிக்கையைத் திணைக்களம் விடும். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையமும் பிரதேச செயலகங்களும் கிராம சேவையாளர்களும் அதை மக்களிடம் கொண்டு செல்வார்கள். 117 என்ற இலக்கம் அதற்காகவே இருக்கிறது. தொலைக்காட்சியில் நிற்பவர் அந்த எச்சரிக்கையை மாற்றாமல், கூட்டாமல், குறைக்காமல், ஆனால் இந்த மண்ணுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைக் குலைத்து, பெரும்பாலும் மலையகத்திலும் அதைச் சூழ்ந்த மாவட்டங்களிலும், 600க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனபோது, தமிழில் எச்சரிக்கை உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பல இடங்களிலும் எழுந்தது. தமிழில் வானிலை சொல்ல ஆள் வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

விளங்கும்படி சொல்வது என்றால் என்ன? "100 மில்லிமீற்றர் மழை" என்று வாசித்தால் எண் காதில் விழும், பொருள் விழாது. ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் தண்ணீர். எங்கள் ஊர்க் கணக்கில் ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஆகவே 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு பரப்பில் 25,000 லீற்றருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. நாலு பரப்பு வளவு வைத்திருப்பவர் ஒரு இலட்சம் லீற்றரை எங்கே விடுவது என்று யோசிக்க வேண்டும். இதைச் சொன்ன பிறகுதான் வாய்க்காலை மூடி மதில் கட்டியதைப் பற்றி மக்கள் பேசத் தொடங்குவார்கள்.

கடல் இன்னொரு உலகம். திணைக்களத்தின் கடற்பரப்பு அறிக்கை "புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை" என்று நீளமாகப் பேசும். ஆனால் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகு ஆடும்போது, பருத்தித்துறைக் கரை ஓரளவு அமைதியாக இருக்கும். நிலம் காற்றை மறைக்கிறது. வடகிழக்கிலிருந்து வாடை வீசும் காலத்தில் நிலைமை தலைகீழாகும். வல்வெட்டித்துறையிலும் மயிலிட்டியிலும் அலை எழும். வல்வெட்டித்துறைப் பிள்ளைகள் தைப்பொங்கலன்று பட்டம் ஏற்றுவதும் அந்த வாடையில்தான். ஒரே வசனத்தில் இரண்டு கரைக்கும் சொல்ல முயன்றால் ஒரு கரைக்குப் பொய்யாகிவிடும். குருநகரிலோ பாசையூரிலோ ஒரு மாலை உட்கார்ந்து கடற்றொழிலாளரிடம் கேட்டால், காற்று எந்தத் திசையில் திரும்பும்போது வலையை இழுப்பார்கள் என்பதைச் சொல்வார்கள். அந்த அறிவை நான் மதிக்கிறேன், நிகழ்ச்சியில் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒன்று: வங்கக் கடலில் 500 கிலோமீற்றருக்கு அப்பால் உருவாகும் தாழமுக்கம் முதல் நாள் எங்கள் வானத்தில் தெரியாது. அனுபவத்தையும் செய்மதியையும் எதிரெதிரே நிறுத்தாமல் இரண்டையும் சேர்த்துப் பேசப் பழக வேண்டும்.

தோட்டக்காரருக்கு வேறு கணக்கு. மழையை நம்பிச் செய்யும் காலபோக நெல்லுக்குப் புழுதியில் விதைத்துவிட்டு முதல் மழைக்குக் காத்திருப்பார்கள். மழை பிந்தினாலும் கவலை, முளைத்த பயிர் மூழ்கினாலும் கவலை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. ஆனால் தை மாசியில் பெய்யும் சிறு மழைக்குத்தான் விவசாயி அதிகம் அஞ்சுகிறார், ஏனென்றால் அப்போது கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கும். டிசெம்பரில் 20 மில்லிமீற்றர் ஒரு செய்தியே இல்லை. பெப்ரவரியில் அதே 20 மில்லிமீற்றர் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைச் சேற்றில் சாய்த்துவிடும். இந்த வேறுபாட்டை உணராதவர் திரையில் எவ்வளவு அழகாகப் பேசினாலும் எங்களுக்குப் பயன்படமாட்டார்.

பொய்த்துப்போகும் எதிர்வுகூறலைப் பற்றி அவள் இப்போதே மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளட்டும். நூற்றுக்கு எழுபது வாய்ப்பு என்று சொன்னால், அப்படிச் சொன்ன பத்து நாள்களில் மூன்று நாள் மழை பெய்யாமல் இருப்பதே சரியான கணக்கு. மக்கள் அந்த மூன்று நாளைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். இதற்கு மருந்து ஒன்றுதான். நேற்று என்ன சொல்லப்பட்டது, இன்று காலை திருநெல்வேலியில் எவ்வளவு பதிவானது என்ற இரண்டையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் காட்ட வேண்டும், பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும். ஒரு பருவம் முழுவதும் இப்படிக் காட்டினால், எதிர்வுகூறல் என்பது சோதிடம் அன்று, அளந்து பார்க்கக்கூடிய ஒன்று என்பது ஊருக்குப் புரிந்துவிடும். அளவுக்கு மீறிப் பயமுறுத்துவதும் அதே அளவு தீங்கு. பார்வையாளரைக் கூட்டுவதற்காக ஒவ்வொரு தாழமுக்கத்தையும் பேரழிவாகக் காட்டினால், உண்மையான பேரழிவு வரும் நாளில் எவரும் வீட்டை விட்டு வெளியேறமாட்டார்கள். கைத்தொலைபேசிக் குழுக்களில் பரவும் "இன்றிரவு சுனாமி" போன்ற குரற்பதிவுகளுக்கும் வானிலையாளர் உடனே, அமைதியாக, தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும். 2004இல் மணற்காட்டிலும் மருதங்கேணியிலும் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் அந்தக் குரற்பதிவை எப்படிக் கேட்பார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த நம்பிக்கையை மழைக்காலத்தில் உருவாக்க முடியாது, அப்போது நேரம் இருக்காது. ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில், நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு, நான் சனசமூக நிலையங்களுக்கும் கமக்கார அமைப்புகளுக்கும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் போகிறேன். பாடசாலைகளுக்கும் போகிறேன். பேச்சைவிடக் கேள்விகளுக்கே அதிக நேரம் ஒதுக்குவேன். எந்த ஒழுங்கை முதலில் நிரம்பும், எந்த மதகு அடைத்துக் கிடக்கிறது, தனியே இருக்கும் முதியவர் யார் யார் என்பதெல்லாம் அந்த ஊரவர்களுக்குத் தெரியும். வரைபடத்தில் அவை இல்லை. நவம்பரில் "தாழ்வான பகுதிகளில் வெள்ளம்" என்று பொதுவாக வாசிக்காமல், எந்த ஊரின் எந்தப் பக்கம் என்று சொல்ல முடிவது இந்தச் சந்திப்புகளால்தான். இதற்குச் சம்பளம் இல்லை. ஆனால் இதைச் செய்யாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது என்பது என் உறுதியான கருத்து.

மழை விட்ட பிறகும் வேலை முடிவதில்லை. எங்கள் நிலத்தடி சுண்ணக்கல், வெள்ளத்தோடு மலசலகூடக் கழிவும் கிணற்றுக்குள் இறங்கிவிடும். கிணற்றை இறைத்துக் குளோரின் இடச் சொல்ல வேண்டும், கொதித்தாறிய நீரைக் குடிக்கச் சொல்ல வேண்டும். டெங்கு மழையைப் பின்தொடர்ந்தே வருகிறது. 2024 வெள்ளத்துக்குப் பின் டிசெம்பரில் வடமராட்சியில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களை எடுத்தது. வெயில் எறித்த நாளில் திரையில் நின்று "செருப்பில்லாமல் வயலுக்குள் இறங்காதீர்கள்" என்று சொல்வதும் வானிலைப் பகுதிதான். அதேபோல ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே உச்சம் கொடுக்கும் நாள்களில், பிள்ளைகளை விளையாட்டுப் போட்டிக்கு நண்பகலில் நிறுத்த வேண்டாம் என்று அதிபர்களிடம் கேட்பதும்.

பெண் பிள்ளைக்கு ஏற்றதா என்று கேட்டீர்கள். ஏற்றது. திணைக்களத்திலேயே பெண் வானிலையாளர்கள் பணியாற்றுகிறார்கள். சூறாவளி நேரத்தில் இரவு முழுவதும் நிலையத்தில் இருக்க நேரும் என்பதை மட்டும் குடும்பம் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த இரவுகளில் போக்குவரத்தை நிறுவனம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வாங்குங்கள். திரை நுட்பத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பச்சைத் திரைக்கு முன்னால் வெறுங்கையைக் காட்டி, பக்கத்துத் திரையைப் பார்த்தே வரைபடத்தில் இடத்தைத் தொடப் பழகுவதற்குச் சில வாரங்கள் போதும்.

இப்போதைக்கு அவள் செய்யக்கூடியது இது. உயர்தரத்தில் பௌதிகவியலையும் இணைந்த கணிதத்தையும் நன்றாகப் படிக்கட்டும். கொழும்பில் வேலை செய்யவும் மும்மொழி அறிக்கைகளை ஒப்பிட்டுப் பார்க்கவும் சிங்களமும் ஆங்கிலமும் வேண்டும். பைதன் போன்ற ஒரு கணினி மொழியை விடுமுறையில் தொடங்கலாம். வீட்டு முற்றத்தில், மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் ஒரு மழைமானியை வைத்து, தினமும் காலை 8.30க்கு வாசித்து, முதல் நாள் எதிர்வுகூறலுக்குப் பக்கத்தில் எழுதி வரட்டும். கோண்டாவிலும் திருநெல்வேலியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான், ஆனாலும் இரண்டு எண்களும் எத்தனை நாள் வேறுபடுகின்றன என்பதை அவளே காண்பாள். மாரி தொடங்குவதற்கு முன் அனுமதி பெற்று அவளைத் திருநெல்வேலி நிலையத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். மழைமானியை எப்படி வாசிப்பது என்று அங்கே இருப்பவர்களிடமே நேரில் கேட்டுக்கொள்ளட்டும்.